செக்ரோலில் விழுந்த சைபர்கள்: சுங்கை சிப்புட்டில் ஒரு முறைக்காய்ச்சல்

தோட்டத்துக் கிராணி (கணக்கர்) அன்று என் கிளினிக்குக்கு மருந்து வாங்க வரவில்லை. ஒரு பையனைப் பற்றிப் புகார் சொல்ல வந்தார். ஆட்களின் வருகைப் பதிவேடான செக்ரோலைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார்.

"நீங்களே பாருங்க டாக்டர். ஊர்லேருந்து வந்து முழுசா நாலு மாசம் ஆகல. ஒரு நாள் வர்றான், ஒரு நாள் படுத்துக்கறான். கேட்டா காய்ச்சலுங்கறான். வேலைக்கு வர்ற அன்னைக்குத் தொட்டுப் பார்த்தா உடம்பு சில்லுன்னு இருக்கு. நீங்களும் அவனுக்கு எம்சி லீவு எழுதிக் குடுக்கறீங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜூலை 5, 6, 7 மூன்று நாளும் சைபர், அதாவது வேலைக்கு வரவில்லை. 8ஆம் தேதி வேலை. 9 சைபர், 10 வேலை, 11 சைபர், 12 வேலை. அப்படியே 17 வரைக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிசகாமல். வரிசையை விரல் வைத்து இரண்டு முறை எண்ணினேன். நான் வைத்திருக்க வேண்டிய காய்ச்சல் அட்டவணை தோட்டத்து ஆபீஸில் இருந்திருக்கிறது.

இந்த நிகழ்வை எழுதக் காரணம், அந்தப் பையனை அதற்கு முன்பே இரண்டு முறை நான் பார்த்திருந்தேன். இரண்டு முறையும் நோயைத் தவறவிட்டேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வயது 24. சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டம். பங்குனி மாதம் மலேசியா வந்து, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில், குத்தகையாளரிடம் குலை ஏற்றும் வேலையில் சேர்ந்தார். கொங்சி எனப்படும் தொழிலாளர் விடுதியில் பதினொரு பேரோடு தங்கியிருந்தார். வேலை பெர்மிட் உண்டு. வந்த புதிதில் எல்லாப் புதுத் தொழிலாளர்களையும் போல ஃபோமெமா என்ற கட்டாய மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, தகுதி உள்ளவர் என்று சான்று வாங்கியிருந்தார். மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாம் சுத்தம். அந்த ரத்தப் பரிசோதனையில் மலேரியாவும் அடக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வருகைகள்

ஜூலை 8, மாலை ஏழு மணி. வேலை முடிந்து, குளித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். நான்கு நாளாகக் காய்ச்சல், தலைவலி, இடுப்பு வலி, இரண்டு முறை வாந்தி. அறையில் எடுத்த உடல் வெப்பம் 37.2. இந்த ஊரில் இப்படி ஒருவர் வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது டிங்கிதான், அதாவது டெங்கு. அதற்கான என்எஸ்1 ரத்தப் பரிசோதனை எடுத்தோம், நெகடிவ். பிளேட்லெட் 1,21,000. ஹீமோகுளோபின் 13.1. "தினமும் வந்து ரத்தம் பாருங்க, தண்ணி நல்லா குடிங்க" என்று அனுப்பினேன். அவர் மறுநாள் வரவில்லை. மறுநாள் அவர் கொங்சியில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

ஜூலை 14, மறுபடியும் மாலை. மறுபடியும் குளித்து, சட்டை மாற்றி, 37.0. பிளேட்லெட் 86,000. ஹீமோகுளோபின் 11.9. இந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். டிங்கியாக இருந்தால் பத்தாம் நாளில் பிளேட்லெட் ஏறத் தொடங்கியிருக்கும். இவருக்கு இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது, ரத்தமும் கூடவே குறைந்தது. கண் வெள்ளையில் இலேசான மஞ்சள். செம்பனைக் காட்டில் எலி அதிகம் என்பதால் என் மனம் எலிக்காய்ச்சல் பக்கம் போனது. அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

அவர் போகவில்லை. கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். சட்டையைத் துவைத்தபோது அதுவும் சேர்ந்து துவைபட்டுவிட்டது. துவைபடாமல் இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. பாஸ்போர்ட் குத்தகையாளரிடம் இருந்தது. அறையில் கூட இருந்தவர், "வெளிநாட்டுக்காரன்னா வார்டுல சேர்றதுக்கு முன்னாடியே ஆயிரம் வெள்ளிக்கு மேல கட்டணும்" என்று சொல்லியிருக்கிறார். அது வெறும் வதந்தி இல்லை. 2014ஆம் ஆண்டுக் கட்டண ஆணைக்குப் பிறகு குடிமக்கள் அல்லாதவர்கள் அரசாங்க மருத்துவமனையில் முழுச் செலவையும் கட்ட வேண்டும், சேரும்போதே முன்பணமும் வைக்க வேண்டும். நம் குடிமகன் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கிற அதே கட்டடம்தான்.

காப்பீடு இல்லையா என்று கேட்பீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஸ்பிக்பா மருத்துவமனைக் காப்பீடு 2011இல் கட்டாயமாக்கப்பட்டபோது, தோட்டத் தொழிலாளர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் அந்தக் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவில்லை. தோட்ட நிர்வாகமே பார்த்துக்கொள்ளும் என்ற பழைய நினைப்பு அது. நிர்வாகத்தின் நேரடி ஆளாக இல்லாமல் குத்தகையாளரின் ஆளாக இருப்பவரை யார் பார்த்துக்கொள்வது? சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. ஆனால் அப்போது வந்தது வேலையிட விபத்துக்கான பாதுகாப்பு. கால் உடைந்தால் அதில் வழி இருக்கிறது. காய்ச்சலுக்கு அது உதவாது.

நடுக்கம்

கிராணி வந்தது 18ஆம் தேதி. "நாளைக்கு அவன் படுத்திருந்தா விடிஞ்சதும் கூப்பிடுங்க, நானே வர்றேன்" என்றேன். மறுநாள் பத்தரைக்கு அழைப்பு வந்தது. என் கிளினிக் மிஸ்ஸியையும் (நர்ஸ்) கூட்டிக்கொண்டு போனேன்.

கொங்சியின் கடைசி அறை. பலகைக் கட்டிலில் மூன்று போர்வை, அதன் மேல் ஒரு கோணிச்சாக்கு. அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தது. கட்டிலின் ஒரு கால் தரையில் படாமல் இருந்ததால் அவர் நடுங்க நடுங்க அது சிமெண்டில் தட்டிக்கொண்டே இருந்தது. பல் கிடுகிடுத்ததில் பேச வரவில்லை. நாக்கைக் கடித்து உதட்டில் ரத்தம். வெளியே வெயில் கொளுத்துகிறது, அவர் நகம் நீலமாக இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே. பிறகு போர்வைகளை ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளினார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, 40.1. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்க விலாவுக்குக் கீழே இரண்டு விரல் அளவுக்கு மண்ணீரல் தட்டியது. முதல் இரண்டு தடவையும் அவரை நான் படுக்க வைத்து வயிற்றைத் தொடவே இல்லை. நாற்காலியில் உட்கார வைத்தே பார்த்து அனுப்பியிருந்தேன்.

குளிர், கொதிப்பு, வியர்வை மூன்றும் வரிசை தவறாமல் வந்தன. மலேரியாவைப் பாடப் புத்தகத்தில் படித்த எல்லாருக்கும் அந்த வரிசை தெரியும். இந்த ஊரில் இருபது வருடமாக மருத்துவம் பார்க்கிறேன், கண்ணால் அன்றுதான் முழுமையாகப் பார்த்தேன். காய்ச்சல் நாளில் அவரால் நடக்க முடியாது, கிளினிக்குக்கு வர முடியாது. தெளிந்த நாளில்தான் வருவார். அதனால் நான் பார்த்ததெல்லாம், காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிற ஒரு சுகமான இளைஞனை.

எந்த மலேரியா?

மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் உள்ளூர் மலேரியா 2018 முதல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அது சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் அதனாலேயே என்னைப் போன்ற டாக்டர்களின் மனப்பட்டியலில் மலேரியா கடைசிக்குப் போய்விட்டது. இப்போது இங்கே இருப்பது பெரும்பாலும் குரங்கு மலேரியா, அதாவது நோலெசி. 2004இல் சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் காப்பிட்டில் அது மனிதர்களிடம் பெருமளவில் இருப்பதைக் காட்டினார்கள். நீண்ட வால் குரங்குகளிடமும் பன்றிவால் குரங்குகளிடமும் அந்தக் கிருமி இருக்கிறது. சுங்கை சிப்புட்டைச் சுற்றிலும் காடுதான். ஆகவே முதலில் அதைத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் நோலெசி இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவது. அந்தக் காய்ச்சல் தினமும் வரும். இவருடையது ஒரு நாள் விட்டு ஒரு நாள். செக்ரோல் சொன்னது வேறு கதை.

மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். கிராணி முகம் சுருங்கிப் போயிருந்தது. குத்தகையாளரிடம் பேசி, பாஸ்போர்ட்டையும் உத்தரவாதக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அவரை எளிதாக வில்லனாக்கிவிடலாம். அன்று அவர் இல்லாவிட்டால் பையன் வார்டுக்குப் போயிருக்க மாட்டார்.

ரத்தப் படலத்தில் கிருமி தெரிந்தது: விவாக்ஸ், ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல் தரும் மலேரியா வகை. பிளேட்லெட் 71,000, ஹீமோகுளோபின் 10.8.

விவாக்ஸின் குணம் தெரிந்தால்தான் மற்றது புரியும். கொசு கடித்ததும் கிருமி கல்லீரலுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி உடனே பெருகி ரத்தத்துக்கு வருகிறது. இன்னொரு பகுதி கல்லீரலிலேயே தூங்கிவிடுகிறது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தூங்கும். தூங்குகிற கிருமி எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. ஃபோமெமாவில் இவர் ரத்தம் சுத்தம் என்று வந்தது பொய்யில்லை. அன்று ரத்தத்தில் கிருமி இல்லை, கல்லீரலில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஊசியும் நுண்ணோக்கியும் போதாது. "முன்னாடி உனக்கு மலேரியா வந்திருக்கா?" என்று கேட்கிற ஒரு கேள்விதான் அதற்கான பரிசோதனை.

நான் கேட்டேன், அவர் சொல்லவில்லை

நான் கேட்காமல் இல்லை. முதல் வருகையிலேயே, "முன்னாடி பெரிய வியாதி ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டு, அவர் "ஒண்ணுமில்ல மேடம்" என்று சொன்னதைக் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன். அவரும் தமிழ், நானும் தமிழ். இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வங்காளதேசத்துக்காரரிடமும் நேப்பாளியிடமும் சைகையில் பேசிப் பழகிய எனக்கு அது பெரிய வசதியாகத் தோன்றியது.

வார்டில் மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வேறு விதமாகக் கேட்டேன். "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர் சொல்வாங்க?"

"முறைக்காய்ச்சல்னு அப்பத்தா சொல்லும்."

"உனக்கு வந்திருக்கா?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார். போன ஐப்பசியில் சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலேயே படுக்கை, பக்கத்தில் மூடாத தண்ணீர்த் தொட்டி. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி அப்படிப்பட்ட தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிற கொசு. அங்கே காய்ச்சல் வந்து, மாநகராட்சி ஆஸ்பத்திரியில் மலேரியா என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு மாத்திரையைப் பதினாலு நாள் சாப்பிடச் சொன்னார்களாம். மூன்றாம் நாளே காய்ச்சல் போய்விட்டது. பாஸ்போர்ட் வேலையாக ஊருக்குக் கிளம்பும்போது மாத்திரையை அங்கேயே விட்டுவிட்டார். கல்லீரலில் தூங்குவதைக் கொல்கிற மருந்து அந்தப் பதினாலு நாள் மாத்திரைதான்.

"அன்னைக்கு ஏம்பா என்கிட்ட சொல்லல?"

"ஏஜண்ட் சொல்லி அனுப்பினாரு மேடம். அங்க வெள்ளக் கோட்டு போட்டவங்க யார் என்ன கேட்டாலும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொல்லு, ஏதாவது இருக்குன்னு சொன்னா அடுத்த பிளைட்ல ஏத்தி விட்ருவாங்கன்னு."

வட்டிக்கு வாங்கி ஏஜண்டிடம் கட்டிய பணம் ஒரு லட்சத்துக்கு மேல். அதில் அசலே இன்னும் குறையவில்லை.

ஏஜண்ட் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஃபோமெமாவில் தகுதியற்றவர் என்று வந்தால் திருப்பி அனுப்பப்படுவார்கள். காசநோய், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, தொழுநோய், பெண்ணாக இருந்தால் கர்ப்பம் வரைக்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முடிவு முதலாளிக்கும் குடிநுழைவுத் துறைக்கும் போகிறது. நாட்டைக் காக்க ஒரு பரிசோதனை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வந்தவர் இந்த நாட்டில் முதன்முதலில் சந்திக்கிற டாக்டர், அவருக்கு என்ன செய்கிறது என்று கேட்பவர் இல்லை. அவரை வைத்துக்கொள்ளலாமா அனுப்பலாமா என்று பார்ப்பவர். அந்த அறையில் கற்றுக்கொண்ட "ஒண்ணுமில்ல"வை அவர் என் அறைக்கும் கொண்டுவருகிறார். நான் அதை நோய் வரலாறு என்று எழுதி வைக்கிறேன். எத்தனை வருடமாக, எத்தனை பேருக்கு இப்படி எழுதியிருக்கிறேனோ.

பதினாலு நாள்

வார்டில் ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின், மூன்று நாளில் ஆறு வேளை. கொழுப்பு சேர்ந்தால்தான் அந்த மருந்து உடம்பில் நன்றாக ஏறும். அதனால் ஒவ்வொரு வேளையும் பாலோடு கொடுத்தார்கள். ஜி6பிடி நொதியும் பார்த்தார்கள். அது குறைவாக உள்ளவருக்கு, கல்லீரலில் தூங்குவதைக் கொல்கிற பிரைமாகுவின் மாத்திரையைக் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து ஆளையே சாய்த்துவிடும். இவருக்குச் சரியாக இருந்தது. பிரைமாகுவின் தினம் 30 மி.கி., 14 நாள்.

வீடு திரும்பிய பிறகு மாத்திரையை யார் பார்த்துக் கொடுப்பது என்று ஒரு பேச்சு வந்தது. தினமும் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் தானே கொடுப்பதாகக் கிராணி முன்வந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். சம்பளம் போடுகிற கையும் மருந்து கொடுக்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். வயிற்று வலி வந்தால் அவரிடம் சொல்ல மாட்டான், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலும் சொல்ல மாட்டான். கொங்சிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாட்டி பொறுப்பெடுத்துக்கொண்டார். இரவு சோறு போட்டு, சாப்பிட்டு முடித்ததும் மாத்திரை, பிறகு காலண்டரில் ஒரு கோடு. பதினாலு கோடும் விழுந்தன.

பெரட்டு என்றதும் என் அப்பா சொன்ன கதை நினைவுக்கு வந்ததை மறைக்க முடியவில்லை. அப்பா தோட்டத்து டிரெசர், அதாவது ஆஸ்பத்திரி உதவியாளர். அவருடைய அப்பா காலத்தில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, மலேரியா மருந்தான கொய்னா ஊற்றுவார்களாம். கசப்பில் துப்பினால் திட்டு. ரப்பர் போடக் காட்டை அழித்த மலைத் தோட்டங்களில் நம் ஆட்கள் முறைக்காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்த காலம் அது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர்தான், எந்தக் கொசு எந்த நீரில் வளர்கிறது என்று தேடித் தேடிப் பார்த்து, வாய்க்கால் வெட்டியும் எண்ணெய் தெளித்தும் அதைக் கட்டுப்படுத்த வழி காட்டினார். வெயில் படும் மலை ஓடைகளில் வளர்கிற கொசு, காட்டை வெட்டியதும் அதிகமாகிறது என்பதும் அப்போது தெரிந்த பாடம். கப்பலில் வந்து இறங்கிய தாத்தாக்களைத் துறைமுகத்திலேயே தடுத்து வைத்துத்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அவர்களிடமும் வேலைக்கு ஆவானா என்றுதான் பார்த்தார்கள். அப்புறம் தோட்டத்து ஆஸ்பத்திரி வந்தது, டிரெசர் வந்தார். அவருக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யார் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன காய்ச்சல் என்று தெரியும். தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியாகி, அந்த ஆஸ்பத்திரிகளில் பலவும் மூடிவிட்டன. ஆட்கள் மறுபடியும் வந்துகொண்டிருக்கிறார்கள். டிரெசர்தான் இல்லை.

காலியான கொங்சி

மலேரியா, 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவித்தே ஆக வேண்டிய நோய். அறிவித்ததும் சுகாதாரத் துறையினர் சுறுசுறுப்பாக வேலையில் இறங்கினார்கள். உடன் இருப்பவர்கள் எல்லாருடைய ரத்தமும் பார்க்க வேண்டும், சுற்றிலும் கொசு பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை வருவதாகச் சொன்னார்கள். திங்கள் இரவே கொங்சியிலிருந்தும் பக்கத்து லயத்திலிருந்தும் ஐந்து பேர் காணாமல் போனார்கள்.

பெர்மிட் முடிந்தவர்கள், அல்லது பெர்மிட்டே இல்லாதவர்கள். சீருடைக்காரர் வருகிறார் என்றால் அவர்களுக்கு எந்தத் துறை என்ற வித்தியாசம் கிடையாது. ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் தகவல் சொல்ல வேண்டும் என்று அரசாங்க மருத்துவமனைகளுக்கு 2001இல் சுற்றறிக்கை போனது. அது போன செய்தி எல்லாக் கொங்சிக்கும் தெரியும். கொசுவுக்குப் பெர்மிட் தெரியாது. நோயை அடக்க வருகிறவர்களுக்கு யார் ரத்தம் மிகவும் தேவையோ, அவர்கள்தான் முதலில் ஓடுகிறார்கள்.

சுகாதாரத் துறை அதிகாரியிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். ஞாயிறு சாயங்காலம், சீருடை இல்லாமல், தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ரத்தம் எடுக்க ஒப்புக்கொண்டார். சாப்பாட்டுக் கடைப் பாட்டி ஆளனுப்பினார். ஓடிய ஐந்து பேரில் மூன்று பேர் வந்தார்கள். மூவர் ரத்தமும் சுத்தம். மற்ற இருவர் வரவில்லை.

பக்கத்து லயத்தில்

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் ஒரு பெண்ணும் நின்றார். இலங்கைத் தமிழ்ப் பெண், கணவரோடு வந்து ஏழு மாதம் ஆகிறது, கையில் ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் யூஎன் கார்டு. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சான்று கொடுத்துவிட்டது. ஆகவே அவரிடம் அந்தக் கவலை குறைவு. விரலில் குத்தியபோது வந்த ரத்தத்தின் நிறம்தான் என்னை நிறுத்தியது. வெளுத்துப் போயிருந்தது.

"உடம்புக்கு என்ன செய்யுது?"

"இளைக்குது டொக்டர்."

உடம்பு மெலிகிறது என்று எடுத்துக்கொண்டு எடையைக் கேட்டேன். மிஸ்ஸிதான், "மூச்சு வாங்குதாம் டாக்டர்" என்றார். மிஸ்ஸியின் பாட்டி யாழ்ப்பாணம். ஒரே மொழி என்ற என் நம்பிக்கை அந்த மாதத்தில் இரண்டாவது முறையாக அடி வாங்கியது.

அவர் ஆறு மாத கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 8.1. ஒரு முறைகூட கர்ப்பப் பரிசோதனைக்குப் போகவில்லை, தாய்சேய்ப் புத்தகம் இல்லை. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. யூஎன் கார்டு இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி கிடைக்கும். சரி, பாதி கட்ட எங்கே போவது? அகதிகளுக்குச் சட்டப்படி வேலை செய்ய உரிமை இல்லை. கணவருக்குக் கிடைப்பது அன்றாடக் கூலி, கிடைக்காத நாளும் உண்டு. பிரசவச் செலவை நினைத்து, முதல் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிட்டார்கள். அரசாங்கக் கிளினிக்குக்கு மிஸ்ஸியே கூடப் போய்ப் புத்தகம் போட்டுக் கொடுத்தார். இரும்புச் சத்து மாத்திரை, பூச்சி மருந்து, ஒவ்வொரு வாரமும் ஒரு போன். பிரசவச் செலவை ஊரில் சிலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஐப்பசியில் பெண் குழந்தை, 2.8 கிலோ. இதை ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலேரியா வராமல் இருந்திருந்தால் அவரை யாரும் பார்த்திருக்கவே மாட்டோம்.

கிளினிக்கில் மாற்றியது

புதிதாக நாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகாதவர் யார் வந்தாலும், ஒரு சளிக்கு வந்தாலும், இப்போது படுக்க வைத்து வயிற்றைத் தொடுகிறேன். காய்ச்சல் என்றால் கடந்த பத்து நாளை ஒவ்வொரு நாளாகச் சொல்லச் சொல்கிறேன். இங்கே வருவதற்கு முன் எங்கெல்லாம் வேலை செய்தார், எங்கே படுத்தார் என்று கேட்கிறேன். "மலேரியா வந்ததா" என்று கேட்பதில்லை. "குளிர் நடுங்கி, மாத்திரை பதினாலு நாள் சாப்பிடச் சொல்லி, பாதியில விட்டது உண்டா" என்று கேட்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், வீட்டில் யாருக்காவது காசநோய், தூக்கம், கடன், கடைசியாக வீட்டுக்குப் பேசியது எப்போது, இதெல்லாம் அடுத்தடுத்த வருகைகளில். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் அது இன்னொரு ஃபோமெமா ஆகிவிடும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று சொல்கிறேன். முதலில் நான் எழுதி வைத்த வாசகம், "நீங்கள் சொல்வது எதுவும் இந்த அறையைத் தாண்டாது" என்பது. மிஸ்ஸிதான் கேட்டார், "மலேரியான்னா தாண்டுமே டாக்டர்?" உண்மைதான். அவ்வளவு தூரம் நம்பச் சொல்லிவிட்டுப் பிறகு அறிவிப்பது ஏஜண்ட் செய்ததைவிட மோசம். இப்போது இப்படிச் சொல்கிறேன்: "இது வேலைக்கான பரிசோதனை இல்ல. சில வியாதிகளை நான் சுகாதாரத் துறைக்குச் சொல்லியே ஆகணும். அப்படி ஏதாவது இருந்தா, யாருகிட்ட, எதுக்காகச் சொல்றேன்னு முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்." இதை மலாயிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் எழுதி வாங்கியிருக்கிறோம். கேட்டுவிட்டுச் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் பேசுகிறார்கள்.

பையனுக்கு மாதாமாதம் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மாதமாகச் சுத்தம். வருகிற மாதம் குத்தகையாளர் அவரைக் குவா மூசாங்கில் ஒரு தோட்டத்துக்கு மாற்றுகிறார். மீதி மாதங்களை அங்கே யார் பார்ப்பார்கள் என்று தெரியாததால், ஒரு பக்கத்தில் மலாயும் மறு பக்கத்தில் தமிழுமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: விவாக்ஸ் மலேரியா வந்தவர், பிரைமாகுவின் 14 நாள் முழுதும் முடித்தவர், ஜி6பிடி சரி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் படலம் பார்க்கவும். வாங்கிப் படித்தார். பாட்டி கடையில் ஊறுகாய் வருகிற பிளாஸ்டிக் பையைக் கேட்டு வாங்கி, கடிதத்தை உள்ளே வைத்து, வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிக்கொண்டார்.